பீங்கான் கோழியும் கண்ணாடி போட்ட ஆடும்

இன்று காலை கோழி திரும்பி வந்துவிட்டது.

விடியும் முன்பே உன் வீட்டு வாசலில் ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தபோது, நம் இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள மதிலின் மேல், நீ வழக்கமாக வைக்கும் இடத்திலேயே அது உட்கார்ந்திருந்தது. வெள்ளைப் பீங்கான் உடம்பு, சிவப்புக் கொண்டை, கொண்டையின் நுனியில் அரிசி அளவுக்கு ஓர் உடைசல். முதுகில் பனி இறங்கியிருந்தது. முந்தானையால் துடைத்து, உள்ளே கொண்டுவந்து, சாப்பாட்டு மேசை நடுவில் வைத்திருக்கிறேன். தூக்கும்போதே தெரிந்தது, உள்ளே ஏதோ இருக்கிறது. சரசரவென்று நகர்ந்து ஓசை எழுப்பியது.

இன்னும் மூடியைத் திறக்கவில்லை. முதலில் உனக்கு எழுதிவிடுகிறேன். எதையும் வரிசைப்படி செய்யாவிட்டால் எனக்குக் கை ஓடாது. அதைச் சொல்லிச் சொல்லியே நீ எவ்வளவு சிரித்திருக்கிறாய்.

இதை நாம் வாங்கிய நாள் நினைவிருக்கிறதா? பல்லடத்துக் கோழிப்பண்ணைக் குடும்பத்திலிருந்து பீளமேட்டில் என் பக்கத்து வீட்டுக்கு நீ குடிவந்த புதிது. என் கணவர் காலமாகி, வீட்டையும் என்னையும் ஒழுங்காக வைத்துக்கொள்வதே வேலை என்று நான் இருந்த காலம். "ஏனுங்க்கா, ஊட்டுக்குள்ளயே உக்காந்துட்டு என்ன பண்றீங்க? எங்கூட உக்கடம் வாங்க, ஒரு மணி நேரத்துல திரும்பிப்போடலாம்" என்று ஆட்டோவில் ஏற்றிக்கொண்டாய். திரும்பியபோது தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பழைய சாமான் கடைகளுக்குள் நான் அதற்கு முன் காலெடுத்து வைத்ததில்லை. புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓர் ஓரமாக நின்றேன். நீயோ ஒவ்வொரு குவியலையும் கிளறினாய். கடைக்கார பாய் முக்காலியில் உட்கார்ந்து உன்னை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். உடைந்த தையல் இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து இந்தக் கோழியை எடுத்தாய். மேல்பாதி கோழி, கீழ்ப்பாதி கூடை. கோழியைத் தூக்கினால் கூடைக்குள் பண்டம் வைக்கலாம்.

"இது முட்டை போடுமுங்களா பாய்?"

"நீங்க உள்ள வெச்சீங்கன்னா போடுமுங்கம்மா."

அதற்குப் பிறகு நடந்த பேரத்தை ஒரு கச்சேரி என்றுதான் சொல்ல வேண்டும். நீ கிளம்புவதுபோல் இரண்டு கடை தள்ளிப் போனாய், அவர் கூப்பிடவில்லை. நீயே திரும்பி வந்து, "கூப்பிடுவீங்கன்னு பாத்தனுங்க" என்றாய். "வருவீங்கன்னு தெரியுமுங்க" என்றார் அவர். இரண்டு பேருக்கும் அத்தனை சந்தோஷம். அந்தச் சந்தோஷத்துக்கு என்ன பெயர் என்று அன்று எனக்குப் புரியவில்லை.

மாலையில் மதிலுக்கு அந்தப் பக்கம் உன் கணவரின் குரல் கேட்டது. "பண்ணையில ஆயிரக்கணக்குல கெடக்குது. இவ காசு குடுத்து ஒண்ணு வாங்கியாந்திருக்கறா. இதுக்கும் நாந்தான் தீவனம் போடோணுமா?"

"நம்மகிட்ட இருக்கறதுல இது ஒண்ணுதானுங்க நாத்தமடிக்காத கோழி" என்றாய். நான் சமையலறையில் தனியாக நின்று சிரித்தேன். என் கணவர் போன பிறகு அந்த வீட்டில் என் சிரிப்பு எனக்கே கேட்டது அன்றுதான்.

மறுநாள் கோழிக்குள் ஒப்புட்டு, அதுதான் உங்கள் பக்கத்துப் பருப்புப் போளி, வைத்து அனுப்பினாய். ஏலக்காயும் நெய்யும் மணத்தது. பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவது என் வீட்டில் வழக்கமில்லை. கழுவித் துடைத்து, தேங்காய் பர்பியைச் சதுரம் சதுரமாக அடுக்கி மதிலில் வைத்தேன். வெறுமையாக வைத்துக்கொள்வது உன் வீட்டிலும் வழக்கமில்லை போலிருக்கிறது. இரண்டு நாளில் அது மறுபடி வந்தது. அப்படித் தொடங்கியதுதான். இரண்டு வீட்டுக்கும் ஒரே பழக்கம் இருந்ததால் அந்தக் கோழிக்கு ஓய்வே இல்லாமல் போயிற்று. கடைசியில் அது யாருடையது என்பதே மறந்துவிட்டது. "கோழி இப்ப எங்க இருக்குதுங்க்கா?" என்று நீ கேட்டால், யாருடைய முறை என்று கேட்கிறாய் என்று அர்த்தம்.

நான் ஒழுங்காகத் தின்பண்டம் வைத்தேன். நீதான் மெல்ல வழி மாறினாய். ஒரு நாள் மூடியைத் திறந்தால் உள்ளே செருப்பு வடிவத்தில் ஓர் உப்புக் கிண்ணம். இன்னொரு நாள் பிடி முழுக்க முறுக்கிக்கொண்ட ஒரு கரண்டி. கிளி வடிவத்தில் ஜோடியில்லாத ஒரு பொத்தான். வாலைத் தூக்கினால் சாவி மாட்டலாம் என்று நீ சொன்ன ஒரு மரப்பூனை. சாவியை மாட்டினால் பூனை விழுந்தது. எல்லாவற்றையும் அலமாரியின் மூடிய தட்டில் வைத்தேன்.

"ஏனுங்க்கா, வெளிய வெக்கறதில்லீங்களா?"

நான் படித்த கான்வென்ட் விடுதியில் எங்களுக்கு ஆளுக்கு ஒரு பெட்டி. எந்த வேலைக்கும் ஆகாத ஒரு பொருள் அதற்குள் இருந்தால், சோதனை செய்யும் சிஸ்டர் இரண்டு விரலால் எடுத்து வெளியே வைப்பார். அதை உன்னிடம் சொல்லி, ஒரு பொருளுக்கு ஒரு வேலை இருக்க வேண்டும் என்றேன்.

"சிரிக்க வெக்கறதும் வேலைதானுங்க்கா. அந்த சிஸ்டர் இந்தப் பூனையப் பாத்திருக்க மாட்டாங்க."

உன் வீட்டுக்குள் நுழைந்தால் எங்கே உட்காருவது என்று தெரியாது. நத்தை வடிவத்தில் ஒரு கெட்டில். குடையைக் கவிழ்த்துப் போட்டது போன்ற ஒரு விளக்கு. குளியலறைக் கதவுக்குக் கைப்பிடியாக ஒரு பித்தளைக் கை. கதவைத் திறப்பதற்கு அதோடு கை குலுக்க வேண்டும். என் வீட்டில் வெள்ளைச் சுவர், ஒரு பூச்சாடி, சரியான நேரம் காட்டும் ஒரு கடிகாரம். ஆனாலும் தினமும் நான்கு மணிக்குக் காபி குடிக்க நான்தான் உன் வீட்டுக்கு வந்தேன்.

பிறகு ஆடு வந்தது. ரேஸ்கோர்ஸ் பக்கம் ஓவியம் படிக்கும் பிள்ளைகள் தங்கள் படங்களை விற்பனைக்கு வைத்திருந்தார்கள் என்று போனாய். ஒரு பெரிய சட்டத்தைச் சுமந்துகொண்டு நேராக என் வீட்டுக்கு வந்தாய். படத்தில் ஒரு வெள்ளாடு. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. மூக்கின்மேல் கண்ணாடி, கண்ணாடியின் இரண்டு பக்கமும் கழுத்தைச் சுற்றி வரும் வண்ண மணிச் சங்கிலி. தனக்கு முன்னால் யாரோ பிழையாக எழுதிவிட்டதுபோல் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தது.

"பாருங்க்கா, அப்படியே உங்களையாட்டவே!"

கோழி அப்போது என் வீட்டில் இருந்தது. ஒரு வாரம் அதை அனுப்பவில்லை. பிறகு பாகற்காயை வறுத்து, உப்புக்கூடக் குறைத்துப் போட்டு, நிறைய வைத்து அனுப்பினேன். மறுநாள் நான்கு மணிக்கு உன் வீட்டில் கூடத்து நடுச்சுவரில் ஆடு மாட்டியிருந்தது. நீ அதன் கீழே உட்கார்ந்து அந்தப் பாகற்காயைக் காபியோடு தின்றுகொண்டிருந்தாய். "கோவத்துல கூட நல்லா மொறுமொறுன்னுதானுங்க்கா வறுத்திருக்கீங்க" என்றாய். அன்றிலிருந்து ஆட்டுக்கு முதுகைக் காட்டும் நாற்காலியில்தான் உட்கார்ந்தேன். ஆனால் போகும்போது ஒரு முறை திரும்பிப் பார்ப்பேன். நீ அதைக் கவனித்தாய் என்பதும் எனக்குத் தெரியும்.

போன ஐப்பசியில் நீ மருத்துவமனைக்குப் போனாய். போகும்போது கோழி உன்னிடம் இருந்தது, உன் முறை. "திரும்பி வந்து அனுப்பறேனுங்க்கா, ஒண்ணு செஞ்சுட்டிருக்கறேன்" என்று காரிலிருந்து கையை ஆட்டினாய். திரும்பி வந்தது நீ இல்லை.

கருமாதி முடிந்த மறுநாள் உன் நாத்தனார் அக்கம்பக்கத்துப் பாத்திரங்களையெல்லாம் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். என் வீட்டு வாசலுக்குக் கோழியோடு வந்தார். "இது உங்க ஊட்டுதாமுங்க. கழுவித் தொடச்சிருக்கறேனுங்க" என்றார். மரியாதையானவர், இரண்டு கையாலும் நீட்டினார். வாங்கியபோது கை தானாக மேலே எழும்பியது, அவ்வளவு லேசாக இருந்தது. திறந்து பார்த்தேன். கூடைக்குள் ஒன்றுமில்லை.

துக்க வீட்டிலிருந்து எதையும் வைத்து அனுப்பக் கூடாது என்பது உங்கள் பக்கத்து வழக்கம். அதுவும் எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்த நிமிஷம் வழக்கம் எதுவும் மனத்தில் ஏறவில்லை. உன் மகள் மதி இதை முடித்துக்கொண்டாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன். அம்மா போனாள், அம்மாவின் விளையாட்டும் போகட்டும் என்று நினைத்திருப்பாள். இளம் பெண், கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, அவளுக்கு ஆயிரம் இருக்கும். கோழியை அலமாரியில் பூனைக்குப் பக்கத்தில் வைத்து மூடினேன்.

மாதங்கள் போயின. மதி ஸ்கூட்டரில் வரும்போது, "நல்லாருக்கீங்களா பெரியம்மா?" என்பாள். "நல்லாருக்கேன் மதி" என்பேன். அவள் ஒரு நொடி நிற்பாள், ஏதோ எதிர்பார்ப்பதுபோல. நானும் நிற்பேன். பிறகு இருவரும் உள்ளே போய்விடுவோம். உன் கணவர் பல்லடத்துப் பண்ணைக்கே போய்விட்டார். நான்கு மணிக் காபியை என் வீட்டிலேயே, கடிகாரத்துக்கு எதிரில் குடித்தேன்.

போன வாரம், இரண்டு வீட்டிலும் வேலை செய்யும் மயிலாத்தா பாத்திரம் தேய்த்துக்கொண்டே செய்தி சொன்னாள். "பக்கத்தூட்ட வாடகைக்கு உடறாங்களாமுங்க. மதிக்கண்ணு சரவணம்பட்டில சின்னதா ஊடு பாத்திருக்குது. சாமான் பூரா ஒருத்தர் எடுத்துக்கறாராமுங்க, காபிக் கடைக்கு அலங்காரம் பண்ணித் தர்றவராமா. சனிக்கெழம வண்டி வருது. கெட்டிலு, வெளக்கு, ஆடு, கோழி, எல்லாம் போகுது."

"கோழி இங்கே இருக்கு."

"அப்ப ஆடு மட்டும் போகுமுங்க."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஆட்டை இறக்கி, உன் வீட்டு வராந்தாச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். அது என் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு மேலாக.

யாரிடமும் எதையும் கேட்டு வாங்கியதில்லை நான். கணவர் போன பிறகு உறவுக்காரர்கள் என்ன வேண்டும் என்று கேட்டார்கள். ஒன்றும் வேண்டாம் என்றேன். அது என் பெருமை, இன்றும் பெருமைதான். ஆனால் சனிக்கிழமை அந்த வண்டி போய்விட்டால், உன் வீட்டில் நான் இருந்ததற்கு ஒரு தடயமும் இருக்காது. அவிநாசி சாலையில் ஏதோ ஒரு காபிக் கடையில் பிள்ளைகள் அந்த ஆட்டுக்குக் கீழே செல்பி எடுத்துக்கொள்வார்கள். அது யார் என்று ஒருவருக்கும் தெரியாது.

கோழியை வெளியே எடுத்தேன். எது எப்படியானாலும் அது என்னிடம் இருக்கிறது, அப்படியானால் என் முறை. ஒப்புட்டுக்குப் பருப்பு ஊறப்போட்டேன். பிறகு அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஆறு மாதம் கழித்துத் தின்பண்டம் கொண்டுபோனால் துக்கம் விசாரிக்க வந்ததுபோல் இருக்கும். ஊறிய பருப்பை மயிலாத்தாவிடம் கொடுத்துவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

உக்கடத்தில் இப்போது தலைக்கு மேலே பாலம் போகிறது. கடை அதே இடத்தில்தான் இருக்கிறது. பாய்க்குத் தாடி முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எனக்குப் பின்னால் தேடினார். "கோழியம்மா வரலீங்களா?"

சொன்னேன். முக்காலியிலிருந்து எழுந்து நின்றார். "அவங்க வந்தாங்கன்னா அன்னைக்கு யாவாரம் ஆகாதுங்க. ஆனா பொழுது நல்லாப் போகும்" என்றார். பிறகு என்னிடம், "உங்களுக்கு என்னங்கம்மா வேணும்?"

"எந்த வேலைக்கும் ஆகாத ஒரு பொருள் வேணும்."

அவர் கடையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். "இங்க பூராவுமே அதானுங்களே."

எனக்குத் தேடத் தெரியவில்லை. நீ எப்படித் தேடுவாய் என்று நினைத்து, புடவையை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் குவியலைக் கிளறினேன். விரலெல்லாம் கறுத்தது. அடியில் ஒரு பீங்கான் முட்டை அகப்பட்டது. முட்டைக்கு இரண்டு கால்கள், கால்களில் மஞ்சள் காலணிகள். ஒரு கால் முன்னே எட்டு வைத்து எங்கோ அவசரமாகக் கிளம்பியிருந்தது. உப்புப் போட ஓட்டையில்லை, பூ வைக்கத் திறப்பில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதனால் ஓர் உபயோகமும் கிடையாது. கடை நடுவில் நின்று, வாயைப் பொத்திக்கொள்ளக்கூட மறந்து, சிரித்துவிட்டேன்.

"இது அவங்க கோழிக்குங்களா?" என்றார் பாய்.

"ஆமாம்."

"அப்ப முட்டை போட்டிருச்சுங்க."

சொன்ன விலையைக் கொடுத்தேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "கொஞ்சம் கொறச்சுக் கேக்கலாமுங்களே" என்றார் வருத்தமாக.

மதிலில் வைக்கவில்லை. முதல் முறையாகக் கோழியைக் கையில் ஏந்திக்கொண்டு உன் வீட்டு வாசலுக்குப் போய் மணி அடித்தேன். மதி கதவைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். "பெரியம்மா" என்றாள். மூடியைத் தூக்கினாள். மஞ்சள் காலணியைப் பார்த்ததும் உன் சிரிப்பு அப்படியே அவளிடமிருந்து வந்தது; பாதியில் அது அழுகையானது. கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"இத்தனை மாசமா உங்க முறைக்குத்தான் காத்துட்டிருந்தேனுங்க பெரியம்மா. கோவிச்சுக்கிட்டீங்கன்னு நெனச்சேன்."

"நீதானேம்மா வெறுமையா அனுப்பினே?"

"ஐயோ, அத்தை எடுத்துப்போட்டாங்க! கருமாதி ஊட்டுலிருந்து ஒண்ணும் போகக்கூடாதுன்னு. அம்மா உங்களுக்குன்னு உள்ள வெச்சிருந்தாங்க. நான் பத்திரமா வெச்சிருக்கறேனுங்க. ஆனா கோழி உங்ககிட்ட இருக்குது. கோழி வராம எதுல வெச்சு அனுப்பறது? சும்மா கையில கொண்டாந்து குடுத்தா அம்மாவுக்குப் பிடிக்காதுங்களே."

அரை ஆண்டு நாங்கள் இரண்டு பேரும் மரியாதையாகக் காத்திருந்தோம். நீ இருந்திருந்தால் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "ரெண்டு பேருக்கும் வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கேட்டிருப்பாய்.

உள்ளே உட்கார வைத்தாள். கூடத்தில் பாதிச் சாமான்கள் பெட்டிக்குள் போயிருந்தன. வராந்தாவில் ஆடு. அவள் காபி கொண்டுவந்து வைத்த பிறகும் டம்ளரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன்.

"மதி, அந்த ஆட்டை எனக்குக் கொடு" என்றேன்.

எவ்வளவு சிறிய வாக்கியம். சொல்லி முடித்ததும் என் காது சூடாகிவிட்டது.

மதி என்னை விழித்துப் பார்த்தாள். "சாமான் எடுக்கறவரு ஆட்டுக்குத்தானுங்க ரொம்ப ஆசைப்பட்டாரு. நாந்தான் பிடி கொடுக்கல. அது உங்க படம்னுதானுங்க அம்மா சொல்லுவாங்க. உங்களக் கேக்காம எப்படிக் குடுக்கறது? கேக்கவும் பயமா இருந்துதுங்க."

"என்ன பயம்?"

"ஆட்டப் பாருங்க பெரியம்மா. அப்படிப் பாத்தா யாருக்குத்தான் பயமா இருக்காது?"

நேற்று வண்டி வந்தது. நத்தைக் கெட்டிலும் குடை விளக்கும் போயின. எனக்கு வருத்தம்தான். ஆனால் முன்பு இருந்ததுபோல் இல்லை. பார்க்கிறவர்கள் சிரிக்கட்டும், அவற்றின் வேலை அதுதானே. பித்தளைக் கையை மதி கழற்றித் தன் புது வீட்டுக் கதவுக்கு எடுத்துக்கொண்டாள். காலணி போட்ட முட்டை அவளுடைய அலுவலக மேசைக்குப் போகிறதாம். ஆட்டை அவளே கொண்டுவந்து என் கூடத்து வெள்ளைச் சுவரில் மாட்டினாள். கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அவள் போனதும் நேராக்கினேன். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

எழுத வேண்டியதை எழுதிவிட்டேன். இப்போது திறக்கிறேன்.

மணிகள். நீலம், மஞ்சள், தக்காளிச் சிவப்பு, நடுநடுவே ஒரு சின்னச் சலங்கை. கண்ணாடியில் மாட்டிக்கொள்ளும் சங்கிலி. ஆட்டின் கழுத்தில் இருப்பதைப் பார்த்துப் பார்த்து நிறம் சேர்த்திருக்கிறாய். கோத்தது நீதான், முடிச்சுகளைப் பார்த்தாலே தெரிகிறது, ஒன்றுகூட ஒழுங்காக இல்லை. இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன் என்று காரிலிருந்து சொன்னாய். கண்ணாடியை எங்காவது வைத்துவிட்டு நான் வீடு முழுக்கத் தேடுவதை நீ மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாய்.

பார்த்தாயா, இதற்கு ஒரு வேலை இருக்கிறது. கடைசியில் நீயும் என் வழிக்கு வந்தாய். நானோ முட்டை வாங்கியிருக்கிறேன்.

முடிச்சுகளைப் பிரித்து ஒழுங்காகப் போடலாம் என்று ஊசியை எடுத்தேன். திரும்ப வைத்துவிட்டேன். அப்படியே மாட்டிக்கொண்டிருக்கிறேன். இந்தக் கடைசிப் பக்கத்தை எழுதும்போது தாளின்மேல் அது உரசிக்கொண்டே வருகிறது.

மயிலாத்தா இப்போதுதான் உள்ளே வந்தாள். என்னைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள்.

"என்ன?" என்றேன், கண்ணாடிக்கு மேலாக.

"ஒண்ணுமில்லீங்கம்மா" என்று புறக்கடைக்கு ஓடினாள். அங்கிருந்து அவள் சிரிப்பு கேட்கிறது.

சரி. கொஞ்சம் என்னைப் போலத்தான் இருக்கிறது.

அடுத்த ஞாயிறு மதி கோழியை எடுக்க வருகிறாள். நான்கு மணிக்கு, காபிக்கு. இப்போது என் முறை. கோழிக்குள் என்ன வைப்பது என்று இன்னும் தெரியவில்லை. நாளை உக்கடம் போகிறேன். சங்கிலியைப் போட்டுக்கொண்டே போகிறேன். இந்த முறை பாய் சொல்லும் விலைக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன். கிளம்புவதுபோல் இரண்டு கடை தள்ளிப் போவேன். அவர் கூப்பிட மாட்டார். நானே திரும்பி வருவேன்.